நெய்யும் ராஜா விலக்கிய சொல்லும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஆம்பல்கோட்டை நாட்டைக் குமாரகண்டர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் மனசில் பட்டதையெல்லாம் சட்டமாக்கிவிடுவார். அவருடைய தகப்பனார் சாகக் கிடந்தபோது, மகன் ஊட்டிய பாலில் ஒரு மிடறு குடித்து, "போதும்" என்று சொல்லிக் கண்ணை மூடினார். அன்றிலிருந்து அரண்மனைக்குள் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாதென்று கட்டளை. ராஜாவும் எடுப்பதில்லை. பந்தி பரிமாறுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம், பாத்திரம் காலியாகும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படித் தின்று தின்று ராஜாவுக்கு உடம்பு பெருத்துவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அரண்மனை வைத்தியர் சாத்தையா நாடி பார்த்தார்.

"சோறு, வெல்லம், கிழங்கு மூன்றையும் விட்டுவிடுங்கள் பிரபு. கறி, கீரை, தயிர் சாப்பிடுங்கள். கூடவே நெய்."

"நெய் எவ்வளவு?"

நாக்கு நுனிவரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு, "வேண்டிய மட்டும்" என்றார் வைத்தியர்.

வினை அங்கேதான் வந்தது. அரண்மனை அதிகாரி சோமண்ணாவுக்கு வைத்தியரைக் கண்டாலே ஆகாது. "வேண்டிய மட்டும் என்றால் ஆசைப்பட்ட மட்டும் பிரபு!" என்று அர்த்தம் சொல்லி, வேளாவேளைக்குப் பக்கத்தில் நின்று நெய்யைக் கொட்ட வைத்தான். மாதங்கள் போயின. ராஜா இம்மியும் இளைக்கவில்லை.

"இவர் வைத்தியரே இல்லை, ஏமாற்றுக்காரர்" என்று சோமண்ணா ஓதினான். ராஜாவும் நம்பி, மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் சாத்தையாவின் தலையை வாங்கும்படி உத்தரவு போட்டுவிட்டார்.

மந்திரி விடங்கருக்குச் சாத்தையா பாலியச் சிநேகிதர். சிறைக்கு ஓடினார்.

"தினமும் வாசலில் நெல்வண்டி வந்து நின்றால் களஞ்சியத்தை யாரப்பா திறப்பார்கள்?" என்றார் சாத்தையா. "சோற்றை விட்டால் உடம்பு தான் சேர்த்துவைத்த கொழுப்பை எடுத்து எரிக்கும். வயிறு அந்தச் சொல்லைச் சொல்கிற அளவுக்குத்தான் நெய். அதற்கு மேல் ஊற்றினால், ஊற்றினதை எரிக்கவே பொழுது சரியாகிவிடும்."

"இதை ராஜாவிடம் விளக்கியிருக்கலாமே!"

"எந்தச் சொல்லை வைத்து விளக்குவேன், விடங்கா?"

மந்திரி வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் பந்தியில், "இன்று நெய் நான் பரிமாறுகிறேன் பிரபு. சாத்தையா சொன்ன அளவு, துளி பிசகாமல்" என்றார் மந்திரி. ராஜா தலையசைத்தார்.

மந்திரி ஊற்றினார். கறி முழுகியது, கீரை முழுகியது. நெய் இலையைத் தாண்டி ராஜாவின் பட்டு வேட்டியை நனைத்தது.

"என்ன மந்திரியாரே, புத்தி பேதலித்துவிட்டதா?" என்று பதறினான் சோமண்ணா.

"பிரபு இன்னும் அளவு சொல்லவில்லையே" என்றார் மந்திரி. ராஜா காவலரைக் கூப்பிட்டால் இன்று ஒரு தலை அல்ல, இரண்டு தலை. ஆனாலும் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

ராஜாவின் முகம் சிவந்தது. "போதும்!" என்று கத்தினார்.

சபை உறைந்துபோனது. ராஜாவே வாயைப் பொத்திக்கொண்டார். மந்திரி பாத்திரத்தைக் கீழே வைத்துக் கும்பிட்டார்.

"இதுதான் பிரபு சாத்தையா சொன்ன அளவு. அதைச் சொல்ல அவருக்கு அனுமதியில்லை, உங்களுக்கு மனசில்லை."

ராஜா வாயிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெல்லிய குரலில், "என் கையால் வேண்டாமென்றுதான் அப்பா அப்படிச் சொன்னார் என்று நினைத்திருந்தேன்" என்றார்.

"இல்லை பிரபு. நான் பக்கத்தில்தானே நின்றேன். நீங்கள் ஊட்டிய அந்த ஒரு மிடறிலேயே அவருக்கு வயிறு நிறைந்துவிட்டது."

ராஜா எல்லார் முன்னாலும் அழுதார். சோமண்ணா முந்திக்கொண்டு, "ஆகா, என்ன விளக்கம்! நானும் முதலிலிருந்தே இதைத்தான்..." என்று ஆரம்பித்தான்.

"போதும்" என்றார் ராஜா. இந்தத் தடவை கத்தவில்லை. "ஒரு துணியை எடுத்து வந்து இந்த நெய்யைத் துடையும்."

அவன் குனிந்து துடைத்துக்கொண்டிருக்கும்போதே, ராஜாவின் உத்தரவுப்படி சாத்தையாவை விலங்கு கழற்றி அழைத்துவந்தார்கள். ராஜா அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, இலை போடச் சொல்லி, நெய்க் கரண்டியைத் தானே எடுத்தார். ஒரு கரண்டி ஊற்றினார். இன்னொன்று ஊற்றிவிட்டுக் காத்திருந்தார்.

சாத்தையா மந்திரியைப் பார்த்தார். மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்லு என்பதுபோலத் தலையாட்டினார்.

"போதும் பிரபு" என்றார் வைத்தியர்.

ராஜா கரண்டியைக் கீழே வைத்தார்.