இமைக்க மறுத்தவர்

மார்கழியில் பேசினால் வாயிலிருந்து புகை வரும் மலை ஒன்று. அதன்மேல் ஒரு மடம் இருந்ததாம். அங்கே ஒரு வழக்கம். விடியுமுன் ஏற்றும் விளக்கைச் சூரியன் எழும்வரை இமைக்காமல் பார்க்க வேண்டும். மாதம் முழுக்கப் பார்த்து முடித்தவருக்கே தீட்சை.

மடத்தின் குரு நாச்சியம்மை. சீடர் சங்கிலிமுத்து அவரைவிட மூத்தவர், முன்பு லாரி ஓட்டியவர். அதனால் குருவே அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"விடிய விடிய ரோட்டை முறைச்ச கண்ணு தாயி இது. விளக்கு எம்மாத்திரம்?" என்பார் சங்கிலிமுத்து.

முறைத்தார். கண் எரிந்தது. மணல் விழுந்தாற்போல் உறுத்தியது. இமை ஓரம் சிவந்து தடித்தது. கண்ணீர் கொட்டியது. மலையேறி வந்த ஜனம் அதைப் பக்தி என்று நினைத்து, 'அழுகிற சாமி' என்று காலில் விழுந்தது. அவரும் இல்லை என்று சொல்லவில்லை.

ஒரு நாள் திரியைத் தூண்டப் போனவர், சுடர் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டார். குரு பார்த்துவிட்டார்.

"கண்ணை மூடுங்க அண்ணே."

"மாட்டேன்."

"கருவிழி புண்ணாயிடும்."

"ஆகட்டும். இமைச்சா தோத்தேன்னு ஆயிடும்."

"யார்கிட்ட?"

அவர் சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"சரி, விளக்குக்கு எண்ணெய் ஊத்துங்க."

அவர் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தார். குளிரில் வெள்ளையாய் உறைந்து கிடந்தது. குலுக்கினார், தட்டினார். சொட்டவில்லை.

"முறைச்சுப் பாருங்க, வருதான்னு."

"கிண்டலா தாயி? வெந்நீர்ல வச்சா தானா வரும்."

வைத்தார். பாட்டிலின் கழுத்தருகே இளகியது. கவிழ்த்ததும் வழிந்தது.

"உங்க இமையிலயும் இதே கதைதான். விளிம்புல வரிசையா எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. இமைக்கும்போதெல்லாம் கொஞ்சம் பிதுங்கி வந்து, கண்ணுத்தண்ணி காயாம மேலே படரணும். நீங்கதான் இமைக்கவே மாட்டேங்கறீங்களே. உள்ளேயே கெட்டியாப் போச்சு. எனக்கு வந்தப்ப கண் டாக்டர் சொன்னது இது."

"காஞ்ச கண்ணா இப்படிக் கொட்டுது?"

"காஞ்சதால எரியுது. எரியறதால கொட்டுது. கொட்டினது கண்ணுல தங்கறதில்லை."

"அப்போ இந்த எண்ணெயில ரெண்டு சொட்டு விட்டுக்கவா?"

"விட்டீங்க, மடத்தை விட்டே அனுப்பிடுவேன். ஒரு துணியை வெந்நீர்ல நனைச்சு, மூடின இமைமேல வைங்க."

அவர் நனைக்கவில்லை. வெளியே ஜனம் சேர்ந்துவிட்டது. போய் விளக்கின் முன் உட்கார்ந்து கண்ணை விரித்தார்.

குரு பின்னாலேயே வந்தார். கையில் வெந்நீரில் பிழிந்த வெள்ளைத் துணி. சூட்டைத் தன் இமையில் வைத்துப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் நீட்டினார்.

"தாயி, மடத்து வழக்கம் என்னாகும்?"

"அதை நான் உடைக்கிறேன். நீங்க மூடுங்க."

"மூடாதீங்க சாமி! தீட்சை போயிடும்!" கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

சங்கிலிமுத்து திரும்பினார்.

"உன் கண்ணாய்யா இது? நல்லாக் கேட்டுக்க. இது பக்தி இல்லை, வறட்சி. மூடத்தான் போறேன். காலில் விழுந்தவங்க எல்லாம் எந்திரிச்சுப் போங்க."

மூடினார். துணி இமைமேல் கதகதப்பாய் அமர்ந்தது. ஆறியதும் குரு மறுபடி நனைத்துக் கொடுத்தார். பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் விரல்நுனியால் நீவச் சொன்னார்.

"அழுத்தாதீங்க. தினமும் செய்யணும், ஒரே நாள்ல இளகாது. நாளைக்குக் கீழே இறங்கி டாக்டர்கிட்டயும் காட்டுங்க."

சங்கிலிமுத்து மறுபடி துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்துபோகிற சத்தம் கேட்டது. அதுவும் அடங்கியது. இருட்டுக்குள் இருந்தவருக்குத் திடீரென்று ஒரு பயம்.

"தாயி... விளக்கு எரியுதா?"

"எரியுது அண்ணே. அது என்னிக்கு உங்களை நம்பி எரிஞ்சுது?"