கல்யாணத்துக்குத் துடைத்த குளம்

பூச்சியும் மரமும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், குளத்து நீரின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் விறைப்பாக இழுத்துக் கட்டினாற்போல் இருந்தது. நீர்மேல் நடக்கும் நெட்டைக்கால் பூச்சிகளுக்கு அதுதான் வீடு, வாசல், தெரு எல்லாம். அந்தக் கூட்டத்தில் நெடியாள் என்று ஒருத்தி. சுத்தம் என்றால் அவளுக்கு உயிர். வாசலில் ஒரு தூசு கிடந்தால் போதும், சோறு இறங்காது மகராசிக்கு.

அவள் மகள் பூவடிக்குக் கல்யாணம். பக்கத்துக் குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, எருமை மிதித்து நசுக்கிய ஆமணக்கு விதையின் எண்ணெய் குளத்தில் படர்ந்து பளபளத்தது.

"என்ன சம்பந்தியம்மா, தரையெல்லாம் ஒரே பிசுக்கா இருக்கு? பொண்ணு வளர்த்த லட்சணமும் இப்படித்தானா?" என்றாள் மாப்பிள்ளையின் தாய், காலைத் தூக்கிப் பார்த்தபடி.

நெடியாளுக்கு மானம் போயிற்று. கரையில் நின்ற, நுரைக்கும் சாறுள்ள பூந்திக்கொட்டை மரத்திடம் ஓடினாள்.

"அண்ணே, பிசுக்கு எடுக்க ஒரு பழம் போடுங்க. சீக்கிரம்!"

"எடுத்துடலாம் தாயி. ஆனா என் சாறு ஒரு கையால எண்ணெயைப் பிடிக்கும், மறு கையால தண்ணியைப் பிடிக்கும். அது பிடிச்ச தண்ணி விறைப்பா நிக்காது. உங்க தரையோ..."

"அந்தத் தரையைத் துடைக்கத்தாண்ணே கேக்குறேன்! முகூர்த்தம் தப்பிடப்போகுது, போடுங்க."

மரம் அரைமனதாக ஒரு பழத்தைக் கரையில் உதிர்த்தது. நெடியாள் அதன் சாற்றைக் காலில் வழித்துக்கொண்டு, அல்லி இலையில் ஏறி நின்று, தண்ணீரை ஒரு தொடு தொட்டாள். அவ்வளவுதான். எண்ணெய் அலறியடித்துக்கொண்டு நாலு பக்கமும் ஓடியது.

"பார்த்தீங்களா சம்பந்தியம்மா!" என்று பெருமையாகத் திரும்பினாள்.

சம்பந்தியம்மாவைக் காணோம். அவள் நின்ற இடத்தில் ஒரு குமிழி மட்டும் இருந்தது. மாப்பிள்ளையைக் காணோம். மேளக்காரர்களைக் காணோம். நெடியாளுக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் பாதிப் பந்தல் காலியாகிவிட்டது.

"அம்மா, கால் உள்ள போகுதும்மா!"

பூவடியின் குரல். இலைக்குப் பக்கத்திலேயே, முழங்கால்வரை இறங்கிவிட்டாள்.

"ஐயோ, பிடிடி! என் காலைப் பிடிச்சுக்கோ!" என்று நெடியாள் பதறிப்போய்க் காலை நீட்டினாள்.

எந்தக் கால்? சாறு வழித்த அதே கால். பெற்றவளுக்கு அந்த நேரத்தில் அதெல்லாம் எங்கே தோன்றும்? கால் தண்ணீரில் பட்டதும், மகளைத் தாங்கிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சத் தோலும் விட்டுப்போயிற்று. பூவடி அம்மாவைப் பார்த்தபடியே உள்ளே போனாள்.

குளம் பளிங்காகக் கிடந்தது. பிசுக்கு இல்லை, ஆளும் இல்லை. நெடியாள் அழக்கூட இல்லை. இலையில் நின்று அந்தக் காலை மறு காலில் தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு பெருமழை பெய்து, சாறெல்லாம் மடை வழியே போய், குளத்துக்குத் தோல் திரும்பியது. கரையேறித் தப்பிய சிலர் மெல்ல நீரில் இறங்கினார்கள்.

அந்த நாள் தொட்டுத்தான் நெட்டைக்கால் பூச்சி துணி வெளுத்த நுரை மிதக்கும் துறைப்பக்கம் தலைகாட்டுவதில்லை. சற்று நின்றாலும், காலோடு காலைத் தேய்த்துத் துடைப்பதை இன்றுவரை நிறுத்தவும் இல்லை.