மூன்று வழிகளும் ஓர் ஓடமும்

வெள்ளம் நாள் பார்த்து வருவதில்லை, பிள்ளைவலியும் அப்படித்தான். பெருவாய் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது அரும்பூர். மருத்துவச்சி இருந்ததோ இக்கரையில். மழைக்காலம்தோறும் அங்கே ஒரு பெண்ணாவது செத்தாள். அரசன் மனம் பொறுக்காமல் வழி கேட்டான்.

"ஆறு குறுகும் இடத்தில் இன்றே பாலம் தொடங்குவோம். மூன்று ஆண்டில் முடித்துவிடலாம்" என்றார் அமைச்சர் நாகனார்.

நில அளவைத் தலைவன் கொற்றன் இசையவில்லை. "ஆற்றின் மேல்பக்கம் அகன்ற துறை ஒன்று இருக்கிறது. மலையைச் சுற்றிப் பாதையும் போடலாம். ஒரு மழைக்காலம் மூன்றையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றான். அவன் மகள் பூவை வாழ்க்கைப்பட்டிருந்தது அரும்பூரில்தான். ஐந்து மாதக் கர்ப்பம். மகளுக்காக அவசரப்பட்டான் என்ற பேர் வந்துவிடக் கூடாதே என்றும் அவனுக்கு இருந்தது. அரசன் சம்மதித்தான்.

நாள்தோறும் கொற்றனை ஆற்றில் ஏற்றிச் சென்றவள் ஓடக்காரி வெண்ணி. ஒருநாள் அவள், "நீங்க நல்லாப் பாருங்க ஐயா. ஆனா இந்த ஓடம் வர்ற மழைக்குத் தாங்காது. அடிப்பலகை இத்துப்போச்சு. அரண்மனையில சொல்லிப் புதுசு ஒண்ணு செஞ்சு தரச் சொல்லுங்க" என்றாள்.

"வழியே வரப்போகிறது. இனி ஓடம் எதற்கு?" என்றான் கொற்றன், அளவுக் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. ஆறு குறுகும் இடத்துப் பாறைக்கரை இடிந்து நீரோடு போனது. மறுநாள் காலை பூவைக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. வெண்ணி அவளை ஏற்றிக்கொண்டு ஓடத்தைத் தள்ளினாள். நடு ஆற்றில் அடிப்பலகை பிளந்தது. வெண்ணி மட்டும் கரை சேர்ந்தாள்.

அவையில் நாகனார் கொற்றனிடம், "உன் தாமதம்தான் கொன்றது" என்றார்.

"இத்த ஓடம்னு தெரிஞ்சும் தள்ளினவ நான். பாவம் என்னோடது" என்று வெண்ணி அழுதாள்.

கொற்றன் அளந்தெழுதிய ஏடுகளை மார்போடு அணைத்தபடி நின்றான்.

கேட்டவர்களே, நிதானித்துச் சொல்லுங்கள். நாகனார், கொற்றன், வெண்ணி: இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு?

விடை: நாகனார் சொன்னது நில்லாது. அன்றே தொடங்கியிருந்தாலும் அந்த ஐப்பசிக்குள் பாலம் முடிந்திராது. அதுவரை எழுந்த பகுதியும் பாறையோடு போயிருக்கும். வெண்ணிமேலும் பழியில்லை, அவள் தள்ளாவிட்டால் பூவை கரையிலேயே செத்திருப்பாள். பிழை கொற்றனுடையது. மூன்று வழிகளையும் ஆராய்ந்தது பிழையன்று. வழி வரும்வரை மக்கள் எதில் கடப்பார்கள் என்பதை அவன் ஆராயவில்லை. தன் பிழை இப்போது அவனுக்கும் தெரிந்திருந்தது. அரசன் கை நீட்டியபோது அவன் கொடுத்தவை நான்கு ஏடுகள். பூவை இறந்தபின் எழுதிய நான்காவதில் வழி ஏதும் இல்லை. ஓர் ஓடத்துக்கு வேண்டிய மரத்தின் அளவு மட்டும் இருந்தது.