கூட்டம் கலைந்த விதம்

அந்த அரசு ஆஸ்பத்திரியின் மருந்து ஸ்டோரில் தாணப்பன் வைத்ததுதான் சட்டம். மேலதிகாரி பார்வையிட வரும்போது அலமாரிகள் நிறைந்திருக்க வேண்டும் என்று ஒரு வாரமாக ஸ்டோரைப் பூட்டியே வைத்திருந்தார். ஜன்னலில் மருந்து கொடுக்கும் மருந்தாளுநர் எஸ்தருக்கு, "இன்னும் மருந்து கொடுக்கச் சொல்லலைங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போயிற்று. சர்க்கரை நோயாளிகளும் பிரஷர்காரர்களும் சீட்டோடு தினமும் வந்து நின்றார்கள்.

அதிகாரி வரும் நாளன்று வரிசை கேட்டையும் தாண்டிவிட்டது. தாணப்பன் பதறிப்போய்ச் சாவிக்கொத்தை எஸ்தரிடம் நீட்டினார்.

"அலமாரியெல்லாம் தூசி தட்டி வை. அவர் வரும்போது இங்க ஒரு தலை தெரியக் கூடாது. என்ன செய்வியோ, ஏது செய்வியோ!"

"சரி சார்" என்றாள் எஸ்தர். அவர் மாலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்.

அதிகாரி வந்தபோது ஜன்னல் முன்னால் ஈ காக்கை இல்லை.

"அட, கூட்டமே இல்லையே! எப்படிங்க?"

"எல்லாம் நம்ம ஏற்பாடுதான் சார்" என்று தாணப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எஸ்தரைச் சாவி போட்டுத் திறக்கச் சொல்லி ஸ்டோரைக் காட்டினார். அலமாரிகள் பளபளத்தன. ஒன்றிலும் ஒரு மாத்திரைகூட இல்லை.

"எஸ்தர்! மருந்தெல்லாம் எங்கே?"

"கூட்டத்தைக் கலைக்கச் சொன்னீங்களே சார். சீட்டைப் பார்த்து மருந்தைக் கொடுத்தேன், கலைஞ்சு போயிட்டாங்க. வேற எதுக்கும் கலையற கூட்டமில்லை சார் அது."

அதிகாரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. தாணப்பனின் தோளில் தட்டினார்.

"நல்ல ஏற்பாடுங்க. மத்தியானமே மருந்து அனுப்பறேன், தினமும் இப்படியே செய்யுங்க. சாவி மட்டும் அந்தப் பொண்ணுகிட்டயே இருக்கட்டும்."