சின்னக் கிண்ணம்

அறுபத்து நான்கு வயதில் எவாரிஸ்தோ மாணவராகச் சேர்ந்தார். அவருடைய குரு தோமிங்காவுக்கு நாற்பது வயது. ஆண்டிஸ் மலையின் மேட்டுவெளியில், ஒட்டகத்துக்குத் தூரத்துச் சொந்தமான லாமாக்களை மேய்ப்பவள். ஏழு நூல் எழுதிய தொல்லியல் பேராசிரியர் போயும் போயும் ஒரு மேய்ச்சல்காரியின் பின்னால் அலைகிறாரே என்று தலைநகரில் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள்.

அவருக்கு வேறு வழியில்லை.

அந்த மலைச்சரிவில் கல்லால் கட்டிய பழைய கல்லறை ஒன்று இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன் அதைத் திறந்தவர் அவர்தான். உள்ளே ஒரு பெண், துணி சுற்றி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே காய்ந்துபோயிருந்தாள். அவளுக்கு எதிரே, பின்சுவரோரமாக ஒரு சிறிய மூட்டை. அதற்குள் அதேபோல் காய்ந்த ஒரு குழந்தை.

எவாரிஸ்தோ குழந்தையை ஜீப்பில் ஏற்றி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். அவளை அப்படியே விட்டு, வாசலைத் தன் கையாலேயே கல் வைத்து அடைத்தார். அவர் பெயர் எடுத்தது அந்தக் குழந்தையால்தான்.

இப்போது எழுதுவது கடைசிப் புத்தகம். அதில் ஒரே ஒரு இடம் காலியாகக் கிடந்தது. அந்தப் பெண் குழந்தைக்கு யார்? பெற்றவளா, துணைக்கு வைத்த யாரோ ஒருத்தியா? அவள் எலும்பில் ஒரு துணுக்கு கிடைத்தால் மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும். ஊர்க்கூட்டமோ, "தோமிங்கா சரின்னா சரி" என்று ஒதுங்கிக்கொண்டது. அந்தக் கல்லறைக்குப் படையல் வைப்பது அவள் குடும்பத்து முறை.

"மூணு நாள் என்கூட இருங்க டாக்டர்," என்றாள் தோமிங்கா. அந்த ஊரில் படித்தவர் யாரானாலும் டாக்டர்தான். "அப்புறம் திறக்கலாம்."

"இங்க செத்தவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் தோண்டுவீங்களாமே. எப்படிக் கேக்கணும்? சொல்லிக் குடுங்க." நோட்டை விரித்தார். அதையும் ஒரு அத்தியாயமாக்கிவிடலாம் என்று அவருக்கு ஆசை.

"மூணாம் நாள் சொல்றேன்."

முதல் நாள் மந்தையோடு நடந்தார்கள். மூச்சு வாங்கி அவர் ஒரு பாறையில் உட்கார்ந்தபோது அவள் கேட்டாள்.

"குழந்தை எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கு. கண்ணாடிப் பெட்டி. சூடு, ஈரம் எல்லாத்தையும் மெஷின் பாத்துக்கும். எந்நேரமும் காவல் உண்டு."

"சாப்பாடு?"

எவாரிஸ்தோ விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி நீங்க கொண்டுபோனப்ப எனக்குப் பத்து வயசு," என்றாள். சொல்லும்போது அவள் கை எதிரே நீண்டது. அந்த மக்களுக்கு நடந்து முடிந்தது கண் முன்னால் நிற்கிறது, பார்த்தாயிற்று அல்லவா. வரப்போவதுதான் முதுகுக்குப் பின்னால். இந்த வழக்கம் எவாரிஸ்தோவுக்கு மிகவும் பிடித்திருந்தது. உடனே எழுதிக்கொண்டார். அவள் கை எதைக் காட்டியது என்று மட்டும் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் கல்லறை வாசலில் இரண்டு மண் கிண்ணங்களை வைத்தாள். ஒன்று பெரியது, இன்னொன்று உள்ளங்கைக்குள் அடங்குவது. இரண்டிலும் மக்காச்சோளக் கள்ளைத் தளும்ப ஊற்றினாள். பக்கத்தில், அங்கே எல்லோரும் மெல்லும் கோகா இலை நாலைந்து.

மாலையில் மந்தையைத் திருப்பிக்கொண்டு வரும்போது எவாரிஸ்தோ குனிந்து பார்த்தார். பெரிய கிண்ணம் ஒட்டக் காய்ந்திருந்தது. சின்னது வைத்தபடியே தளும்பி நின்றது. ஈரத்துணி அரை மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும் காற்று அது.

"இது ஏன் அப்படியே இருக்கு?"

"குடிக்க ஆள் இல்லையே," என்றாள் தோமிங்கா, மழை இல்லையே என்பதுபோல.

நிழல், காற்றின் திசை, கிண்ணத்தின் வாயகலம் என்று காரணங்களை அடுக்கி எழுதினார். எழுதி முடித்த பிறகும் இன்னொரு முறை குனிந்து சின்னக் கிண்ணத்தைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் நடுப்பகலில் அவள் தலையசைத்தாள்.

கற்களின் இடுக்கில் மஞ்சள் பாசி ஒட்டிப் படர்ந்திருந்தது. வருஷத்துக்கு மயிரிழை அளவு வளரும் பாசி அது. எங்கேயும் விரிசல் இல்லை. முதல் வரிசைக் கல்லைப் பெயர்த்ததும் புட்டி கிடைத்தது. மூடிவிட்டுப் போகும்போது, நாளை வருபவர்களுக்குத் தெரியட்டும் என்று தேதி எழுதிய சீட்டைப் புட்டியில் இட்டுப் புதைப்பார்கள் தோண்டுகிறவர்கள். உள்ளே அவர் கையெழுத்து, அவர் போட்ட தேதி. மெழுகு முத்திரைகூட உடையவில்லை.

"ஒருத்தரும் உள்ள போகல," என்றார் திருப்தியாக.

"ஒருத்தரும் போகல," என்றாள் தோமிங்கா.

டார்ச்சோடு தவழ்ந்து நுழைந்தார். தரையில் தூசி விரித்த துணி மாதிரி மடிப்பில்லாமல் கிடந்தது. அன்றைக்கு வெளியேறும்போது தன் காலடித் தடத்தைத் தானே தூரிகையால் கூட்டிக்கொண்டே வந்தது நினைவுக்கு வந்தது. அதன்பின் ஓர் எலிகூட நடக்கவில்லை. பழைய வரைபடத்தை ஒரு கையில் விரித்துக்கொண்டு டார்ச்சை உயர்த்தினார்.

வெளிச்சம் அவள் முதுகில் விழவேண்டும். பின்சுவரைப் பார்த்து, குழந்தையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் அவள். வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது.

வெளிச்சம் முகத்தில் விழுந்தது.

முழங்கால், தோள், தலை எல்லாம் வாசலைப் பார்த்திருந்தன. அவளைச் சுற்றித் தூசி கலையவே இல்லை. எலும்புத் துணுக்கு எடுக்கும் இடுக்கி சட்டைப்பையில் இருப்பதே மறந்துபோயிற்று. எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. வந்தபோது முழங்கை இரண்டும் உரிந்திருந்தன.

"யாரு திருப்பினது?"

"அடைச்சதும் நீங்க. திறந்ததும் நீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். வாசலுக்கு நேர் கீழே, மலையடிவாரத்தில், அன்று ஜீப் போன மண்பாதை வெள்ளையாகத் தெரிந்தது. முதல் நாள் தோமிங்காவின் கை நீண்டது அந்தப் பக்கம்தான்.

"நான்தான் தப்பா வரைஞ்சிருக்கேன்," என்றார். முப்பது வருஷமாக ஒரு கோடுகூடப் பிசகவில்லை என்று எல்லோரும் மெச்சிய படம். அது தப்பாக இருக்கவேண்டும் என்று மனசுக்குள் கும்பிட்டார். "ஆமா. தப்பாத்தான் வரைஞ்சிருக்கேன்."

தோமிங்கா இரண்டு கிண்ணங்களையும் துடைத்துக் கள்ளை ஊற்றினாள்.

அவர் வாசலோரமாக உட்கார்ந்தார். நோட்டு மடியில் மூடியே கிடந்தது.

"அம்மா, அவங்ககிட்ட எப்படிக் கேக்கணும்னு சொல்றேன்னீங்களே."

"உங்க முறை இன்னும் வரல டாக்டர். முப்பது வருஷமா அவங்கதான் கேட்டுக்கிட்டு இருக்காங்க." சின்னக் கிண்ணத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். "உள்ள போங்க. எதிர்ல உக்காந்து பதில் சொல்லிட்டு வாங்க."

அவர் அதைச் சிந்தாமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்ன கேப்பாங்க?"

"வேற என்ன கேப்பாங்க," என்றாள் தோமிங்கா. "புள்ள சாப்பிட்டுச்சான்னு கேப்பாங்க."