பூவிழி போட்ட பதினேழு பேட்ச்

சிங்காரவேலு சார் ஒரு மென்பொருள் கம்பெனியின் தலைமை ஆர்க்கிடெக்ட். அவர் எழுதும் புரோகிராம் எல்லாம் கல்வெட்டாம்!

"இதுல ஒரு எழுத்தைத் தொடக் கூடாது. ஆனா வெள்ளிக்கிழமை பில்ட் ஆகி ஓடணும்" என்று, புரோகிராம்களை வாடிக்கையாளர்களுக்குப் பேக்கேஜாகக் கட்டித் தரும் பூவிழிக்கு உத்தரவு போட்டார். ஓடவே ஓடாத புரோகிராம் அது.

பூவிழி திருத்தங்களைத் தனித்தனிக் கோப்புகளில் எழுதினாள். பேட்ச் என்பார்கள். பில்ட், அதாவது எழுதிய வரிகளை ஓடும் மென்பொருளாக மாற்றும் வேலை, நடக்கும்போது புரோகிராமின் நகலில் மட்டும் அவை வரிசையாக ஒட்டிக்கொள்ளும். சார் எழுதியது அப்படியே இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஓடியது. வாடிக்கையாளர்கள் முன்னால் சார் மார்தட்டினார். "பாத்தீங்களா? நான் எழுதினபடியே ஓடுது!"

"அப்போ என் பதினேழு பேட்சையும் எடுத்துடவா சார்?"

"தாராளமா எடு!"

எடுத்தாள். மறுபடி பில்ட் போட்டதும் பெரிய திரை முழுக்கச் சிவப்புச் சிவப்பாய்ப் பிழைகள்.

"திரும்பப் போட்டுடும்மா" என்றார், எறும்புக்குக் கேட்கும் குரலில்.

"போடறேன் சார். ஆனா ஒவ்வொண்ணும் எதுக்குன்னு திரையில வரும். அதான் வழக்கம்."

வந்தது. முதல் பேட்ச்: 'சார் மூட மறந்த அடைப்புக்குறி மூடப்பட்டது.'

பதினேழாவது: 'இதில் பிழையே கிடையாது என்று சார் நடுவில் எழுதிவைத்த வரியில் பில்ட் நின்றது, வரி நீக்கப்பட்டது.'