காவிக் கை

முன்னொரு காலத்திலே, நிலாவுக்கே பால்பல் விழாத காலத்திலே, கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜாவுக்கும் பக்கத்து ராஜாவுக்கும் சண்டை. எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். அவருக்கே மறந்துபோய்விட்டது.

போருக்குப் புறப்படுகிறவர்கள் காவியைக் குழைத்து, வாசல் சுவரில் கையைப் பதித்துவிட்டுப் போவது அந்த நாட்டு வழக்கம். சாத்தன் என்பவனும் பதித்தான். அவன் மகள் வடிவுக்கு ஐந்து வயது. அந்தக் கைமேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். அவள் விரல்நுனி அப்பாவின் விரலில் முதல் கோட்டைக்கூட எட்டவில்லை.

"ரெண்டாவது கோட்டை எட்டுறதுக்குள்ள வந்துடுவீங்களா அப்பா?"

"அதுக்கு முன்னாடியே வந்துடுவேன், எலிக்குட்டி."

கடிதம் எழுத எல்லோருக்கும் பூப்போட்ட அட்டைகளைக் கொடுத்தான் கரடன் என்ற மந்திரவாதி. கொண்டுபோவது ஒரு பேசும் நாரை.

"அப்பா, பல் விழுந்துடுச்சு. யார்கிட்ட காட்டுவேன்? வாங்க" என்று எழுதினாள் வடிவு. சாத்தன் கையில் சேர்ந்தபோது, "நான் நலம். வெற்றியோடு வாருங்கள்" என்றிருந்தது. "எலிக்குட்டி, கால்ல காயம். உன் ஞாபகமாவே இருக்கு" என்று எழுதினான் சாத்தன். "அன்பு மகளே, நலம். கவலை வேண்டாம்" என்று வந்து சேர்ந்தது.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

"இது அப்பா எழுதினதே இல்ல. ஒரு தடவைகூட எலிக்குட்டின்னு கூப்பிடலையே!" என்று நாரையைப் பிடித்துக்கொண்டாள் வடிவு.

நாரை தலையைக் குனிந்தது. "நீங்க எழுதுற ஏக்கத்தையெல்லாம் கரடன் தின்னுடுறான், பொண்ணே. அதனாலதான் அவனுக்கு வயசே ஆகல. ஒரு சொல்லையும் விடமாட்டான்."

வடிவு கரியால் எழுதினாள், தின்றுவிட்டான். மஞ்சளால் எழுதினாள், தின்றுவிட்டான். மூன்றாம் முறை எழுதவே இல்லை. அழுதுகொண்டே போய்ச் சுவரில் கையை வைத்தாள். விரல் இரண்டாவது கோட்டையும் தாண்டியிருந்தது. உடனே காவியைக் குழைத்து, அட்டையில் கையைப் பதித்து அனுப்பினாள்.

கரடன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தின்ன ஒரு சொல்கூட இல்லை. போகட்டும் என்று விட்டுவிட்டான்.

சாத்தன் அந்தக் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்து அளந்தான். "ஐயோ, தாண்டிடுச்சே!" என்று கதறினான். கண்ணீர் அட்டையில் விழுந்தது. அவ்வளவுதான், மந்திரம் உடைந்தது. பாசறையிலிருந்த அட்டைகளிலெல்லாம் கரடன் தின்ற சொற்கள் திரும்பி வந்தன. "அப்பா, எப்போ வருவீங்க?" "அப்பா, உங்க முகம் மறந்துபோச்சு." ராஜாவின் அட்டையிலும் குட்டி இளவரசன் எழுதியிருந்தான், "அப்பா, வாங்க."

ராஜா தரையில் உட்கார்ந்து அழுதார். அன்றே சண்டை நின்றது. கரடனுக்கு வரவேண்டிய கிழட்டு வயசெல்லாம் ஒரே நொடியில் வந்து சேர்ந்தது.

சாத்தன் நொண்டிக்கொண்டே வீடு வந்தான். வடிவு கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். முகம் அடையாளம் தெரியவில்லை. அவன் சுவரிலிருந்த கைமேல் தன் கையை வைத்தான். சரியாகப் பொருந்தியது. அவள் ஓடிவந்து அதன்மேல் தன் கையை வைத்தாள்.

"தாண்டிடுச்சு அப்பா."

"தெரியும், எலிக்குட்டி."

அதற்குப் பிறகு கொன்றைநாட்டில் காவி குழைத்தார்கள் என்றால், அது கோலத்துக்குக் கரை கட்ட மட்டும்தான்.